ஓய்வுப்பணத்தின் பொறுப்பு: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு

அரசு ஊழியர் ஒருவர் பணி ஓய்வு பெறும்போது அவருக்கு இரண்டு வகையில் பணம் வருகிறது. ஒன்று, உயிருள்ளவரை மாதந்தோறும் வரும் பென்ஷன். மற்றொன்று மொத்தமாக வருவது: பணிக்கொடை, சேமநல நிதியில் சேர்ந்தது, எடுக்காத விடுப்புக்கு ஈடான சம்பளம், பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்றுப் பெறும் கம்யூட்டேஷன். முதல் பணத்தை எங்கே போடுவது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை. அது வரும், செலவாகும், அடுத்த மாதமும் வரும். இரண்டாவது பணம் அப்படியல்ல. முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவரும் கல்லூரியில் பாடம் எடுத்தவரும் வாழ்நாளில் ஒரே முறை பார்க்கும் பெரிய தொகை அது. அதை என்ன செய்வது என்பதை அவரே தீர்மானித்தாக வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளின் பணவரலாற்றில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது பணத்துக்கு உண்டு. 2003-04 வரை கதை இப்படித்தான் நடந்தது. அதன்பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் பணமும் இரண்டாவது பணம் போலவே ஆகிவிட்டது.

பென்ஷன் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த ஏற்பாடு. 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம், கடன்காரர் நீதிமன்றம் போனாலும் அரசு பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்று வகுத்தது. 55 வயதில் ஓய்வு. மத்திய அரசில் அது 1962-இல் 58 ஆகவும் 1998-இல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாடு அரசில் 2020 வரை 58-தான். அந்த ஆண்டு 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. சென்னை மாகாணத்தின் தலைமையகமும் உயர் நீதிமன்றமும் இங்கே இருந்ததால், வக்கீல்களும் கச்சேரி உத்தியோகஸ்தர்களும் மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சுற்றிக் குடியேறினார்கள். ஜமீன் வருமானமோ வியாபார லாபமோ இல்லாத, ஆனால் மாதம் தவறாமல் காசு பார்க்கும் ஒரு கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்தது இப்படித்தான்.

அந்தக் காசைச் சேர்த்துவைக்க அவர்கள் கண்ட வழி நிதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் தோன்றிய இந்தச் சங்கங்களின் வேலை எளிமையானது. உறுப்பினர்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டுவார்கள். கல்யாணம், வீடு, மருத்துவச் செலவு என்று தேவைப்படும் உறுப்பினருக்கு அதிலிருந்து கடன் தரப்படும். வட்டியில் வரும் லாபம் எல்லாருக்கும் பிரியும். மார்வாடிக் கடையின் வட்டியிலிருந்து தப்பிக்கக் குமாஸ்தாக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று சொல்லலாம். ஆரம்பத்தில் இவை குறிப்பிட்ட காலம் முடிந்ததும் கணக்கு முடித்துக் கலைந்துவிடும். கலையாமல் தொடர்ந்து நடப்பவை வந்தபோது அவற்றுக்குப் பெயரிலேயே வேறுபாடு தேவைப்பட்டது. பர்மனென்ட் பண்ட் என்றும் சாஸ்வத நிதி என்றும் அழைத்தார்கள். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்ட் 1872-இல் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழிகாட்டிய பிரெடெரிக் நிக்கல்சன், 1895-இல் வெளியான தம் அறிக்கையில் சென்னை நிதிகளை விரிவாக ஆராய்ந்தார். ஐரோப்பாவில் தேடிய கூட்டுறவின் ஒரு வடிவம் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

நிதியின் அமைப்பில் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது. வங்கியில் பணம் போடுபவர் வாடிக்கையாளர். நிதியில் பணம் போடுபவர் பங்குதாரர். உறுப்பினர் அல்லாதவரிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. ஆகவே ரசீதோடு சில பங்குகளும் அவர் பெயருக்கு வரும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்கவும் வாக்களிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஓய்வுபெற்ற தாசில்தாரோ தலைமையாசிரியரோ தாம் பணம் போட்டிருக்கும் இடத்துக்குத் தாமும் ஒரு முதலாளி என்பதை நினைத்துப் பார்த்திருப்பாரா என்பது வேறு விஷயம். பொதுக்கூட்ட அழைப்பிதழ் தபாலில் வரும். பெரும்பாலும் பழைய பேப்பரோடு போகும்.

மயிலாப்பூர்ப் பணம் முழுவதும் நிதிகளில் இருக்கவில்லை. பெரிய தொகைகள் கடற்கரைச் சாலையின் ஆங்கிலேயக் கம்பெனிகளிடம் போயின. அவற்றில் முன்வரிசையில் நின்றது ஆர்பத்நாட் அண்டு கம்பெனி. ஏற்றுமதி, தோட்டம், கப்பல் ஏஜென்சி எல்லாவற்றையும் நடத்திய அது பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. நீதிபதிகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், விதவைகள், சிறு சேமிப்பாளர்கள் என்று பலரும் அங்கே பணம் வைத்திருந்தார்கள். தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட். பட்டமும் வெள்ளைத் தோலும் கடற்கரைக் கட்டடமும் சேர்ந்தால் அதற்குமேல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, ஆர்பத்நாட் பணம் தர இயலாது என்று அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு லண்டனில் அதன் பங்காளி பேட்ரிக் மக்ஃபேடியன் ரயிலின் முன் விழுந்து இறந்திருந்தார். சென்னையில் வாங்கிய டெபாசிட்டுகள் லண்டன் வழியாக ஊகவணிகத்தில் கரைந்துபோயிருந்தன. மிஞ்சிய சொத்து கடனை அடைக்கப் போதவில்லை. திவால் வழக்கில் டெபாசிட்தாரர்களுக்காக முன்னால் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். சர் ஜார்ஜ் மீது குற்ற வழக்கு நடந்து, 1907-இல் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில், அந்த அந்தஸ்துள்ள வெள்ளைக்காரருக்கு அப்படி ஒரு தண்டனை அபூர்வம். அதனால் டெபாசிட் பணம் திரும்பிவிடவில்லை.

கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு நிற்கவில்லை. நகரத்தார் முதலையும் மயிலாப்பூர் வக்கீல்களின் பெயரையும் சேர்த்து ஒரு சுதேசி வங்கி தொடங்கப் பாடுபட்டார். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5-இல் பதிவாகி, ஆகஸ்ட் 15-இல் கதவு திறந்தது. நாட்டு விடுதலைக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அந்தத் தேதி சென்னையில் ஒரு வகையில் குறிக்கப்பட்டுவிட்டது. மயிலாப்பூர் இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நம்மவர் கையில் பணம் இருந்தால் நலம் என்பது. கணக்கைப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்காதே என்பது இன்னொரு பாடம். அதை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. முதல் பாடம் இந்தியன் வங்கியைத் தந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளைக்காரர் பட்டத்தின் இடத்தில் தெரு, கோயில், பழக்கம் என்ற அடையாளங்கள் வந்து உட்கார்ந்ததும் அதே பாடத்தின் விளைவுதான்.

ஓய்வுப்பணம் அடுத்துப் போன இடம் மண். 1920-களில் லாங் டாங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தி.நகரில் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் உத்தியோகத்தின் கடைசிப் படியில் இருந்தவர்கள் ஏராளம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அடையாற்றின் தென்கரையில் காந்தி நகரை அமைத்தது. சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்து அஸ்திவாரம், கம்யூட்டேஷன் பணத்தில் மேற்கூரை, பணிக்கொடையில் மாடி என்று வீடு எழும்பும் வேகமும் உத்தியோகத்தின் வேகமும் ஒன்றாக இருந்தன. அந்த வீடு பென்ஷன் திட்டம் ஒன்றின் வேலையையே செய்தது. 1980-களுக்குப் பிறகு தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாக மாறியபோது, வீட்டுக்காரருக்கு இரண்டு மூன்று ஃபிளாட்டும் கையில் ரொக்கமும் கிடைத்தன. மாத வாடகையும் வந்தது. தென்சென்னைப் பெரியவர்கள் செய்த முதலீடுகளில் மிக நன்றாகப் பலித்தது இதுதான். அதை யாரும் முதலீடு என்று நினைத்துச் செய்யவில்லை.

கம்யூட்டேஷனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஓய்வு நெருங்கும் மாதத்தில் எல்லாரும் கையெழுத்திடும் முதல் நிதித் தீர்மானம் அது. மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு அடிப்படைப் பென்ஷன் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் வரை விற்கலாம். தமிழ்நாடு அரசில் மூன்றில் ஒரு பங்கு. மாதம் 12,000 ரூபாயை விற்றால், 60 முடித்து ஓய்வு பெறுபவருக்கு அதன் ஓராண்டுத் தொகையை 8.194 என்ற காரணியால் பெருக்கி, 11,79,936 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாக 15 ஆண்டுகள், அதாவது 180 மாதங்கள், 12,000 ரூபாய் பிடிபடும், கூட்டினால் 21,60,000. பிறகு முழுப் பென்ஷன் திரும்பும். அந்த மீட்புகூட முதலில் இல்லை; 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே 15 ஆண்டு வரம்பு நிலைத்தது. ஆக இது வட்டியோடு திருப்பும் ஒரு கடன்தான். ஆனால் கடன் வாங்கியவர் நடுவில் இறந்தால் பாக்கியைக் குடும்பத்திடம் கேட்கமாட்டார்கள். பஞ்சப்படி முழுப் பென்ஷன் மேல்தான் கணக்கிடப்படும், விற்றதுபோக மிஞ்சியதன் மேல் அல்ல. இந்த இரண்டும் சேர்ந்தால் விற்பது நல்ல பேரம். ஒரு நிபந்தனை உண்டு: கிடைத்த தொகை பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். தேனாம்பேட்டையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் பென்ஷன் ஆணை எழுதும்போது கணக்கை நயாபைசா பிசகாமல் போட்டுத் தரும். பணம் எங்கே போகிறது என்பது அந்தக் கட்டடத்தின் வேலை அல்ல.

பென்ஷன் அரசின் தயவா, உரிமையா என்ற கேள்விக்கு விடை 1982 டிசம்பர் 17-இல் வந்தது. டி.எஸ். நகரா வழக்கில், 1979-க்கு முன் ஓய்வு பெற்றவர்களைப் புதிய கணக்கிலிருந்து விலக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்ஷன் உழைப்பின் பயன், பிச்சையல்ல என்பது அதன் சாரம். அந்த நாளைப் பென்ஷன்தாரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். உரிமை உறுதியானது. உரிமை உறுதியானால் கவலை ஏன் என்ற எண்ணமும் அதோடு உறுதியானது.

தனியார் கம்பெனிகளிலும் பொதுத்துறை ஆலைகளிலும் வேலை செய்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. 1952-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு பி.எஃப். தந்தது, சம்பளத்தில் பிடித்ததும் முதலாளி கட்டியதும் வட்டியோடு ஓய்வில் ஒரே தொகையாக வரும். 1971-இல் குடும்ப பென்ஷன் சேர்ந்தது. 1995 நவம்பர் 16 முதல் முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஒரு பொதுப் பென்ஷன் நிதிக்குப் போனது. ஆனால் அது உச்சவரம்புக்குட்பட்ட சம்பளத்துக்கு மட்டும். வரம்பு முதலில் 5,000, பிறகு 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000. சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 ஆண்டுகள் உழைத்தவருக்கு மாதம் 7,500 ரூபாய். மயிலாப்பூரில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டின் வாடகைக்குக்கூடப் போதாத தொகை. அவருக்கு இரண்டாவது பணம்தான் உண்மையான பென்ஷன்.

1980-களும் 90-களும் அந்தப் பணத்தைக் குறிவைத்த காலம். வங்கி டெபாசிட்டுக்கு 12 சதவீதம் சுலபமாகக் கிடைத்த அந்த நாட்களில் 15, 18, 24 என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். பகுதியின் பெயரைத் தாங்கிய பெனிஃபிட் பண்டுகள், ஃபைனான்ஸ் கம்பெனிகள், தேக்குக் கன்று வளர்த்து இருபது ஆண்டில் லட்சங்கள் தருவதாகச் சொன்ன தோட்டத் திட்டங்கள். நல்ல புடவைக் கடைபோல ஏ.சி. அலுவலகம், வரவேற்பில் குங்குமச்சிமிழ், சுவரில் காஞ்சிப் பெரியவர் படம், இயக்குநர் குழுவில் ஒரு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அல்லது நீதிபதியின் பெயர். சக பென்ஷன்தாரர் ஒருவரே ஏஜெண்டாக வந்து, கோயில் பிராகாரத்தில் நடைப்பயிற்சியின் நடுவே விண்ணப்பம் நீட்டுவார். 1990-களின் பிற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் மூடின. தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது; ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் விற்று, டெபாசிட்தாரருக்குப் பங்கிடும் வழி அது. இந்தியாவிலேயே முன்னோடியான அந்தச் சட்டம் செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நிதிகளை ஆராய முன்னாள் தலைமைச் செயலர் பி. சபாநாயகம் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 2000-இல் அறிக்கை தந்தது. சொந்த நிதியைப்போல் இருபது மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, டெபாசிட்டில் ஒரு பங்கை வங்கியில் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் இந்தக் காலத்தில் இறுகின.

அரசின் நிழலில் நின்றதும் சரிந்தது. 1964-இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய யு.எஸ்.-64 திட்டம் நடுத்தர வர்க்கத்தின் இன்னொரு வங்கிபோல இருந்தது. ஆண்டுதோறும் லாபப் பங்கீடு, எப்போது வேண்டுமானாலும் அறிவித்த விலையில் திரும்ப விற்கலாம். அந்த விலைக்கும் உள்ளே இருந்த பங்குகளின் மதிப்புக்கும் சம்பந்தம் அறுந்திருந்தது பலருக்கும் தெரியாது. 2001 ஜூலையில் விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதம் நிறுத்தப்பட்டன. பின்னால் யூனிட் வைத்திருந்தவர்களுக்கு 6.75 சதவீத வட்டியில் பத்திரம் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். அதே ஆண்டுகளில் வட்டி மளமளவென்று இறங்கியது. 2003 வாக்கில் வங்கி டெபாசிட் 6 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பத்து லட்ச ரூபாய் போட்டு மாதம் 10,000 பார்த்த குடும்பம் 5,000-இல் நிற்க வேண்டியதானது. பண மதிப்பு குறையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் வீழ்ச்சி இன்னும் பெரிது. திவாலான கம்பெனி பற்றிப் பத்திரிகைகள் எழுதின. மெல்ல நடந்த இந்த நஷ்டத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004 ஆகஸ்டில் 9 சதவீதத்துடன் வந்தது இதற்கான மருந்தாகத்தான். 60 நிறையாமல் ஓய்வு பெற்ற 55 வயதுக்காரரும் சேரலாம், ஆனால் ஓய்வுப்பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும்; 2023 நவம்பரில் அதை மூன்று மாதமாக்கினார்கள்.

பெரிய திருப்பம் 2003. ஜூலையில் தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆகஸ்ட் 6 தேதியிட்ட 259-ஆம் எண் அரசாணை, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்த எவருக்கும் பழைய பென்ஷன் கிடையாது என்றது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம் போட்டுச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ்., தொடங்கியது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் அதே மாற்றம் வந்தது. எஸ்.ஏ. தவே தலைமையிலான குழு 2000-இல் வரைந்த யோசனையிலிருந்து பிறந்தது தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ். ராணுவத்துக்கு விலக்கு. 2009 மே 1 முதல் எந்தக் குடிமகனும் சேரலாம்.

ஒரே அடையாற்றில் இரண்டு விதமான ஊழியர்கள் உருவானார்கள். தமிழ்நாடு என்.பி.எஸ்.-இல் சேராமல் சி.பி.எஸ். பணத்தைத் தானே வைத்துக்கொண்டது, அது எல்.ஐ.சி. பென்ஷன் நிதியிலும் அரசுக் கருவூல உண்டியல்களிலும் போனது. பழைய ஊழியர்களின் சேமநல நிதியான ஜி.பி.எஃப்.-க்குத் தரும் வட்டியே இதற்கும் வட்டி. எங்கே போடுவது என்று ஊழியரைக் கேட்கும் வழக்கமே இல்லை. கைக்கு மாதப் பென்ஷன் வருமா என்பதும் தெளிவில்லாமல், பழைய திட்டத்தைத் திரும்பக் கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. 2016 முதல் குழுமேல் குழு அமைக்கப்பட்டது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலோ ஐ.ஐ.டி.யிலோ 2004-க்குப் பிறகு சேர்ந்தவர் நிலைமை நேர் எதிர். பணம் சந்தையில் இருந்தது. முதல் பதினைந்து ஆண்டுகள் அவருக்கும் தேர்வு கிடையாது, எஸ்.பி.ஐ., எல்.ஐ.சி., யூ.டி.ஐ. ஆகிய மூன்று நிதிகளுக்கும் பிரித்து, பங்குச்சந்தையில் 15 சதவீதத்துக்கு மிகாமல் போடும் ஏற்பாடு தானாக நடந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் கதவு திறந்தது. அரசின் பங்கு 14 சதவீதமாக உயர்ந்தது. எந்த மேலாளர், எந்தக் கலவை என்று ஊழியர் தாமே தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கலவைகளில் ஒன்று எல்.சி.-50. 35 வயதுவரை பாதிப் பணம் பங்குகளில் இருக்கும். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 2 சதவீதம் கழன்று கடன்பத்திரங்களுக்கு நகரும்: 45-இல் 30, 50-இல் 20, 55-இல் 10. எல்.சி.-25-இல் தொடக்கம் 25, முடிவு 5. ஓய்வு நெருங்க நெருங்கச் சந்தையிலிருந்து ஒதுங்கு என்ற அறிவுரையை ஒரு அட்டவணையாக்கி இயந்திரத்திடம் கொடுத்துவிட்ட ஏற்பாடு இது. 2008-இல் சந்தை பாதியாக விழுந்ததை நினைத்துப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். அந்த ஆண்டு 58 வயதில் முழுப் பணத்தையும் பங்கில் வைத்திருந்தவருக்குக் காத்திருக்க அவகாசமில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. 60-இல் ஓய்வு பெறுபவர் இன்னும் 25 ஆண்டுகள் விலைவாசியோடு ஓட வேண்டும். 10 சதவீதப் பங்கு அந்த ஓட்டத்துக்குப் போதுமா? அட்டவணை ஊழியரின் வயதை மட்டும் அறியும். அவருக்கு அடையாறில் சொந்த வீடு இருக்கிறதா, மனைவிக்குப் பழைய பென்ஷன் வருகிறதா, மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்பது அதற்குத் தெரியாது. தேர்வு செய்யாதவருக்கும் ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. பழைய ஏற்பாடே தொடரும் என்பதுதான் அது.

60-இல் இன்னொரு தீர்மானம். மத்திய அரசு ஊழியர் சேர்ந்ததில் 60 சதவீதம் வரியின்றிக் கையில் பெறலாம். 40 சதவீதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். 50 லட்சம் சேர்ந்திருந்தால் 20 லட்சம் அங்கே போகும். 6 சதவீதம் என்று வைத்தால் மாதம் 10,000 ரூபாய். பஞ்சப்படி கிடையாது, 2045-இலும் அதே 10,000. தமக்குப் பிறகு மனைவிக்கு வர வேண்டுமா, முதல் பிள்ளைகளுக்குத் திரும்ப வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். ஒவ்வொரு டிக்கும் மாதத் தொகையைக் குறைக்கும். பிறகு மாற்ற முடியாது.

பி.எஃப். உறுப்பினர்களுக்கு அப்படிப்பட்ட தீர்மானம் 2023-இல் வந்தது. முழுச் சம்பளத்தின் மேல் பென்ஷன் கேட்க உரிமை உண்டா என்ற நீண்ட வழக்கில் 2022 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. நான்கு மாத அவகாசம் 2023 மார்ச் 3 வரை, பிறகு மே 3, ஜூன் 26, கடைசியாக ஜூலை 11 என்று நீண்டது. ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கோடையில் கால்குலேட்டரும் கையுமாக இருந்தார்கள். கேள்வி எளிது, விடை எளிதல்ல. மாதம் 7,500-க்குப் பதிலாக 30,000 வரலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் பி.எஃப்.-இல் சேர்ந்திருந்ததில் ஒரு பெரும் பங்கை வட்டியோடு பென்ஷன் நிதிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இறந்தால் துணைக்குப் பாதி. இருவரும் போனபின் வளர்ந்த பிள்ளைகளுக்கு எதுவுமில்லை. நீண்ட ஆயுள்மேல் பணயம் வைக்கும் கணக்கு இது. அப்பா எத்தனை வயதில் போனார், அம்மா எத்தனை வயதில் போனார் என்று விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

2024-இல் கதை தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நடந்துவந்த இந்து பர்மனென்ட் பண்டில், முதிர்ந்த டெபாசிட்டுகளும் வட்டியும் வரவில்லை என்று ஏராளமானோர் புகார் கொடுத்தார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு அந்த ஆகஸ்டில் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. வழக்கு நீதிமன்றம் போனது. வங்கி டெபாசிட்டுக்கு 1993 முதல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி முழுகியபின் தொடங்கிய ஏற்பாடு அது. நிதி டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. 152 ஆண்டுப் பழைமையும் தெரிந்த தெருவும் தாத்தா காலத்துப் பாஸ்புத்தகமும் காப்பீட்டின் இடத்தில் நின்றிருந்தன. பணம் போட்டவர்கள் சட்டப்படி அதன் பங்குதாரர்கள் என்பது புகார் கொடுத்த பிறகே பலருக்கு நினைவுக்கு வந்தது.

மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். என்ற இன்னொரு திட்டத்தை என்.பி.எஸ். பக்கத்தில் வைத்தது. 25 ஆண்டுகள் பணி செய்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, பஞ்சப்படியோடு, உறுதி. விரும்புபவர் விண்ணப்பிக்க முதலில் ஜூன் 30 வரை அவகாசம். அது செப்டம்பர் 30-க்கும் பிறகு நவம்பர் 30-க்கும் தள்ளிப்போனது. ஒருமுறை யு.பி.எஸ். எடுத்தவர் மனம் மாறி என்.பி.எஸ்.-க்குத் திரும்பவும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அதை ஓய்வு நாளுக்கு ஓராண்டு முன்பாகவே பயன்படுத்திவிட வேண்டும்.